உதடு படாமல் ஒரு மடக்கு

"நாக்கை நீட்டுங்க அண்ணாச்சி. இன்னும் நீட்டுங்க."

டார்ச் அடித்துப் பார்த்த ஜெமிமாவுக்குக் காலையிலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைவாயில் குழைத்த இட்லி அப்படியே இருக்கிறது! "வாயைக் கழுவாம தண்ணி குடிச்சா இந்த அழுக்கெல்லாம் நுரையீரலுக்குல்லா போவும்? எத்தன மட்டம் சொல்லுதேன்!" திட்டிக்கொண்டே தானே பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பக்கவாதம் வந்தவர்களை மறுபடி விழுங்கப் பழக்குவது அவள் வேலை. நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். வராத நாள் ஏது?

இந்த அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி மகேஸ்வரன், அவளைப் பாடாய்ப் படுத்துகிறார். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று மாவு கலந்து கெட்டியாகக் கொடுத்தார்கள். பசை என்று துப்பினார். நாக்கு வறண்டு வெடித்தது. பார்க்கப் பொறுக்காமல் டாக்டரிடம் மல்லுக்கு நின்று, வெறும் தண்ணீருக்கு அனுமதி வாங்கியவள் ஜெமிமாதான். வாய் சுத்தமாக இருக்க வேண்டும், சாப்பாட்டோடு கூடாது, தாடையைத் தாழ்த்தி ஒவ்வொரு மடக்காகக் குடிக்க வேண்டும். இன்னொரு தரம் புரையேறினால் பழையபடி பசைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த மனுஷரோ டம்ளரை வாங்கியதும் அண்ணாந்துவிடுகிறார்.

"அவிய ஆயுசுக்கும் எச்சி பண்ணிக் குடிச்சதில்ல, சிஸ்டர்" என்றாள் மனைவி.

"எச்சியாவது கிச்சியாவது! அண்ணாந்தா தண்ணி நேரா மூச்சுக்குழாய்க்குத்தான் போவும். உங்க டம்ளரு, உங்க வாயி. யாரு வந்து கேக்கப் போறா?"

கத்தியதில் தொண்டை காய்ந்துவிட்டது. பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அண்ணாந்து, உதடு படாமல், கடகடவென்று ஊற்றிக்கொண்டாள்.

மகேஸ்வரன் நல்ல கையைத் தூக்கி அவளைச் சுட்டினார். கோணிய வாயோரம் சிரிப்பு. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெமிமாவுக்கு மானம் போயிற்று. நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, பாருங்க." தாடையைத் தாழ்த்தி, பாட்டிலை உதட்டில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டம்ளரை வாங்கி, குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டில் வைத்தார். அவள் அவர் தொண்டையில் விரல் வைத்துக் காத்திருந்தாள். குரல்வளை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை.

மகேஸ்வரன் கண்ணைத் திறந்தார். டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் நன்றாகத் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடி உதட்டை வைத்தார்.