கப்பலின் எண்ணை அழித்த பென்சில்

அந்தப் போர்க்கப்பலுக்கு எண் ஏன் இல்லை? துறைமுகக் கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து போனபோது வாத்தியார் எங்களிடம் கேட்ட கேள்வி இது. சுவரில் ஐந்து பழைய படங்கள். ஐந்திலும் கப்பலின் மூக்கு வழுவழுவென்று இருந்தது. அன்று யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவர் மூன்று தெரு தள்ளி, தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஊர் அவரை டச்சப் அம்மா என்றுதான் கூப்பிடும். பதினெட்டு வயதில் அக்காள் கணவரின் போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்கு உட்கார்ந்தவர். நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகப்பருவை அழிப்பார், அம்மைத் தழும்பை அழிப்பார், மாப்பிள்ளையின் கருவளையத்தை அழிப்பார். ஊரில் பாதிப் பேர் அவர் கைபட்டு அழகானவர்கள். படத்தின் பின்னால் மட்டும் அத்தானின் முத்திரை.

அழிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. எந்த ஆர்டர் என்று தெரிவதற்காக அத்தான் ஒவ்வொரு நெகட்டிவிலும் ஊசியால் ஓர் எண்ணைக் கீறிவைப்பார். பிரிண்டில் அது கறுப்பாக விழும்; நெகட்டிவில் அதன் மேல் பென்சில் பூசினால் மறைந்துவிடும். சட்டம் போட்டு மாட்டும் பெரிய படத்தில் அது தெரியக் கூடாது. வழக்கமாக மூலையில் கீறுபவர், அவசரத்தில் மாப்பிள்ளையின் நெற்றியிலேயே கீறியதும் உண்டு.

போர்க்கப்பல் வந்து நின்ற மூன்று நாளும் ஊரே துறைமுகத்தில் கிடந்தது. அத்தான் கேமராவோடு அங்கே. அக்காள் கைக்குழந்தையோடு அங்கே. டச்சப் அம்மா மட்டும் ஸ்டுடியோவில் ஒரு கல்யாண ஆர்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கப்பலை அவர் பார்த்ததே நெகட்டிவில்தான். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கப்பலின் மூக்கிலேயே ஓர் எண். ஐந்திலும் அதே இடம், அதே எண். ஒரே ஆர்டர் என்றால் ஒரே எண்தானே?

"இந்த மனுஷனுக்குக் கிறுக்க வேற இடமே கிடைக்கலையா" என்று திட்டிக்கொண்டே இரண்டு பகல் உட்கார்ந்து அழித்தார். மூலையில் பொடியாகக் கிடந்த 417 கண்ணில் படவில்லை. எண்ணை அழித்தாகிவிட்டது, இன்னொன்றை யார் தேடுவார்கள்?

படங்கள் துறைமுக அலுவலகச் சுவரில் ஏறிய பிறகுதான் அத்தான் கவனித்தார்.

"கப்பல் நம்பர் எங்கம்மா?"

"நீங்க கிறுக்கினதுதானே அத்தான்? அழிச்சிட்டேன்."

"அது நான் கிறுக்கினதில்ல. கப்பல்காரங்க கறுப்பு பெயின்ட்ல எழுதினது."

அத்தான் எழுந்து கதவைச் சாத்தினார். "வெளியில மூச்சு விடாதே" என்றார். பயத்தில் நெகட்டிவ்களையும் கொளுத்திவிட்டார். துறைமுக அதிகாரியோ, படங்கள் பளிச்சென்று இருப்பதாக அத்தானைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

நாற்பது வருடம் ஓடியது. அத்தான் போய்ச் சேர்ந்தார். அந்தப் படங்களை வைத்து ஓர் ஆய்வாளர் புத்தகம் எழுதினார். கப்பல் ஏதோ ரகசிய வேலையாக வந்ததாம். அதனால் எண்ணின் மேல் சாயம் பூசிவிட்டார்களாம். உண்மையான எண் 417ஆம். யாரோ துணிச்சல்காரர் அதைப் படத்தின் மூலையில் குறித்துவைத்தாராம். கப்பலில் எண் இருந்ததா என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் பீரங்கிதான் ஞாபகம் இருந்தது.

டச்சப் அம்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அக்காளிடம் போனார். ஆயுசு முழுக்கச் செய்த வேலையில் ஊர் நின்று பார்ப்பது இந்த ஒன்றைத்தான். அதுவும் கப்பல்காரன் கணக்கில் போகிறது.

"தப்பு பண்ணினதுக்கு மாலை போடச் சொல்லப் போறியாடி?" என்றார் அக்காள்.

"தப்புதான். ஆனா என் தப்பு. அதைக் கப்பல்காரனுக்குத் தூக்கிக் குடுக்க அவர் யாரு?"

இரண்டு பேரும் கண்காட்சிக்கே போனார்கள். அங்கே இருந்த ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். பூதக்கண்ணாடியால் கப்பலின் மூக்கைத் துழாவினார்.

"ஒரு தடம்கூட இல்லையேம்மா. மனுஷக் கையால இவ்வளவு சுத்தமா அழிக்கவே முடியாது."

டச்சப் அம்மா தன் வேலைக்காகக் கேட்ட முதல் பாராட்டு அது. சொன்னவர் அவரை நம்பவில்லை என்பது ஒன்றுதான் குறை.

அக்காள் பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். குப்புறக் கிடந்து சிரிக்கும் குழந்தை. மூலையில் 418.

"கப்பல் வந்த வாரம் அதே ஸ்டுடியோல எடுத்தது. என் மூத்த பையன். இவன் எந்தக் கப்பல்னு சொல்லுங்க தம்பி."

ஆய்வாளர் குழந்தையைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். "குறிச்சுக்கிறேம்மா" என்றார்.

குறித்துக்கொள்ளவும் செய்தார். இரண்டாம் பதிப்பில் ஓர் அடிக்குறிப்பு வந்திருக்கிறது: 'எண்ணை ஒரு பெண் பென்சிலால் அழித்ததாக உள்ளூரில் செவிவழிக் கதை உண்டு.'

"கதைன்னு போட்டுட்டாரே" என்றார் டச்சப் அம்மா. ஆனாலும் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார்.

செவிவழிக் கதை என்றால் அதற்குச் செவிகள் வேண்டும். இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அத்தானின் முத்திரையை மறந்தாலும் பரவாயில்லை. பென்சில் பிடித்தது யார் என்பதை விட்டுவிடாதீர்கள்.