காது இல்லாத வெளிச்சம்

வடதுருவத்தை ஒட்டிய பனி ஊரான கவுத்துகெய்னோவில் ரவ்னாவை வாயாடி என்று சொல்லாதவர் கிடையாது. கலைமான் தோலைச் சுரண்டி முடிப்பதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லிவிடுவாள். ஆனால் வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடினால் வாயே திறக்க மாட்டாள். அங்கே வளர்ந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். அதன் கீழே சீட்டியடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. அதன் காதில் விழுந்தால் கீழே இறங்கி ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பல வருஷங்களுக்கு முன் அவள் கணவன் ஆஸ்லத் இறந்துபோனதும் அப்படியொரு வெளிச்சத்தின் கீழேதான். மந்தையைப் பார்த்துவிட்டு, உறைந்த ஏரியின் மேல் சறுக்குக் கட்டைகளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். ஓடை வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி மெலிந்துவிட்டதை அன்று தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் அவள் கண்டிருந்தாள். அவன் நேராக அதை நோக்கியே வந்தான். கரையில் நின்ற அவள் கத்தவில்லை. சத்தமில்லாமல் ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் ஏரி அவனை விழுங்கிவிட்டது.

கத்தியிருந்தால் வெளிச்சம் அவனைத் தூக்கியிருக்கும், எப்படியும் போயிருப்பான். இந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தாள்.

இந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு காத்யா அவளைக் கலை வகுப்புக்கு இழுத்துப் போனாள். தெற்கிலிருந்து வந்த சின்னப் பெண் சிக்னேதான் டீச்சர். படம் போடுவதற்கு முன் பாடம் சொன்னாள். சூரியனிலிருந்து பறந்து வரும் துகள்கள் காற்றில் மோதித்தான் இந்த ஒளி வருகிறதாம். பச்சை நிறம் ஆக்சிஜனால் வருவதாம்.

"எவ்வளவு உசரத்துல?" என்று கேட்டாள் ரவ்னா.

"நூறு கிலோமீட்டர் இருக்குங்க."

"அப்போ நாம கத்தினா அதுக்குக் கேக்காதா?"

காத்யா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் தொண்டைக்குக் கேட்டாலும் கேக்கும்டி!"

டீச்சரும் சிரித்துவிட்டாள். "கேக்காதுங்க. அதுக்கு ஏது காது? வெறும் வெளிச்சம்."

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மற்றவர்கள் கறுப்புத் தாளில் வண்ணக்கட்டி தேய்த்தார்கள். ரவ்னா வீட்டிலிருந்து ஆஸ்லத்தின் நீலக் கம்பளி அங்கியைக் கொண்டுவந்து வெட்டினாள். காத்யா பதறிப்போய், "ஏய், பைத்தியமா உனக்கு?" என்றாள். ரவ்னா அந்த நீலத்தில் பச்சை நூலால் வானத்தைத் தைத்தாள். கீழே வெள்ளையாக ஏரி. கரையில் ஒரு பெண். கடைசியாகச் சிவப்பு நூல் கோத்து, அந்தப் பெண்ணுக்கு வாயை அகலமாகத் திறந்துவைத்தாள்.

டீச்சர் குனிந்து பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குங்க. இவங்க பாடுறாங்களா?"

"இல்லம்மா, புருஷனைக் கூப்பிடுறா," என்றாள் ரவ்னா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கேக்குற தூரத்துலதான் இருந்தான்."