மறியலுக்குப் போகாதவன் பொத்திய வலை

மிஸ்ஸின் ஸ்கூட்டர் எங்கள் சல்லி ஊர்க் கடற்கரை மணலில் புதைந்து நின்ற காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தள்ளிவிட நான் போகவில்லை. அவ்வளவு கோபம். மிஸ் நீதிமன்றத்தோடு சேர்ந்து வேலை செய்த உத்தியோகத்தர். சிறு குற்றம் செய்தவர்களை மறியலில் அடைத்துவைக்காமல், ஊருக்குப் பயன்படும் வேலை செய்ய வைப்பது அவருடைய தொழில்.

வள்ளத்தைக் கரையேற்றும் இடத்துக்கான சண்டையில், குடிவெறியோடு என் வலையை வெட்டிப்போட்டான் பக்கத்து வீட்டுக்காரன். கணவர் இறந்த பிறகு தம்பிதான் எங்கள் வள்ளத்தில் கடலுக்குப் போவான். அந்த வலைதான் என் பிள்ளைகளுக்குச் சோறு. நீதவான் வெட்டியவனை மிஸ்ஸிடம் ஒப்படைத்தார். மிஸ் அவனை அம்மன் கோயில் வீதி கூட்ட விட்டார். வெளியூர்க்காரி, அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அது நேர்த்தி வைத்துச் செய்கிற தொண்டு. பூசகர் அவனைக் கூப்பிட்டு முதல் பொங்கல் கொடுத்தார். குடித்துத் திரிந்தவன் திருந்திவிட்டான் என்று ஊரே மெச்சியது. என் வலை முற்றத்தில் கிழிந்தபடி கிடந்தது.

"மிஸ், என்ர வலையை வெட்டினவனுக்குப் பொங்கல் குடுத்தோ தண்டிக்கிறியள்?" என்று அந்தக் காலை, ஸ்கூட்டர் புதைந்து நின்ற இடத்திலேயே எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

மிஸ் அப்படியே மணலில் உட்கார்ந்தார். "பிழை என்னிலதான் அக்கா. உங்களுக்கு என்ன வேணும்?"

என்ன நடந்தது என்று பொலிஸ் கேட்டது, நீதிமன்றம் கேட்டது. எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

"வலை வேணும். வெட்டின இடமெல்லாம் அவன்தான் பொத்தோணும். இந்தக் கரையில, எல்லாரும் பாக்க."

மிஸ் கரையில் நின்ற எல்லோரையும் சுற்றி இருத்தி, அவனையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார். அவன் தலையாட்டினான். பிறகு நீதவானிடம் போய்க் கட்டளையை மாற்றி எடுத்து வந்தார்.

அவன் மீன்வாடிக் கொட்டிலின் நிழலில் உட்கார்ந்து வலை பொத்தினான். "என்ன பக்தா, இண்டைக்குப் பொங்கல் வரேல்லையோ?" என்று போகிறவர்கள் எல்லாம் நக்கலடித்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. இளகிய முடிச்சுகளை அவிழ்த்து நான் திருப்பிக் கொடுத்தேன். மிஸ் வரும்போதெல்லாம் முதலில் என்னிடம்தான் கதைப்பார், பிறகுதான் அவனிடம்.

பொத்தி முடித்த அன்று அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். வலை தாங்கியது.

"அக்கா, மன்னியுங்கோ."

"அதைப் பிறகு பாப்பம். முதல்ல மீன் படட்டும்."

இப்போது இந்த முறையைப் பற்றித் திருகோணமலையில் மண்டபம் எடுத்துக் கூட்டம் வைக்கிறார்கள், பெரிய பெரிய சொற்களாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஊர் முன்னால் மணலில் உட்கார்ந்து தன் பிழையை ஒத்துக்கொண்ட உத்தியோகத்தரை நான் வேறு கண்டதில்லை. அந்த மிஸ் வேலை செய்தது எங்கள் கரையில் என்று யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அவன் இப்போது தம்பியோடு எங்கள் வள்ளத்தில்தான் போகிறான். மன்னித்தேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவனும் கேட்பதில்லை. நேற்று கடல் கொந்தளிப்பாக இருந்தது. அவனுடைய பெண்சாதிக்கு முன்னமே நான் கரைக்குப் போய், இரண்டு பேரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.