பக்கத்து வீட்டுப் புதுக் காரும் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீரும்

இன்று காலை இங்கே மலேசியாவின் செமோரில் பக்கத்து வீட்டு வாசுகி அக்கா புதுக் கார் எடுத்து வந்தார். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

கண் படாமலிருக்க உள்ளே உப்புத் தண்ணீர் தெளித்தார். துளிகள் உறைமேல் பரவாமல் முத்து முத்தாக நின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறெரிந்தது.

“மிச்சம் இருக்கு தம்பி, உன் காடிக்கும் தெளிச்சுக்கோ லா,” என்றார்.

என் காரின் டாஷ்போர்டு வெயிலில் வெளுத்துப்போன பிளாஸ்டிக். தெளித்த தண்ணீர் முத்தாவது, ஒன்றாவது! அப்படியே படர்ந்து, மதியத்துக்குள் வெள்ளைத் திட்டாகக் காய்ந்துவிட்டது.

அக்கா எட்டிப் பார்த்தார். “ஐயோ, எவன் கண்ணு பட்டுச்சோ!”

இந்தத் தெருவில் இருந்த ஒரே கொள்ளிக்கண் என்னுடையது. அது அவர் காரைவிட்டு நகரவே இல்லை.

என் காரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். மனசு ஆறும்.