இடக்கை மடிப்பு

அவளுடைய ஓவியக் கண்காட்சிக்கு நான் வாழ்த்தப் போகவில்லை, குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். சும்மா சொல்லக்கூடாது, வயிறு அப்படி எரிந்தது. ஜார்ஜ் டவுனில் ஒரே மாலை வகுப்பில் ஓவியம் கற்றவர்கள் நாங்கள். அன்று ஆசிரியர் சுவரில் மாட்டியதெல்லாம் என் படங்கள். அவள் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் கிராணி, கணக்கெழுதும் வேலை. நான் கெலுகோரில் பள்ளி ஓவிய ஆசிரியை. என் படம் இன்றுவரை தொங்குவது எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மட்டும்தான்.

கேன்வாஸை மடித்து, கயிற்றால் கட்டி, வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் சாயம் பூசிப் பிறகு பிரித்து மாட்டியிருந்தாள். மடிப்புக்குள் ஒளிந்த இடங்கள் வெள்ளையாகவே இருந்தன. உருவம் என்று ஒன்றும் கிடையாது. இதற்குத் தூரிகை எதற்கு, இஸ்திரிப்பெட்டி போதுமே என்று மனதுக்குள் நக்கலடித்தேன். ஆனால் படங்கள் அழகாக இருந்தன. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நடு அறையில் பெரிய நீலப் படம். சேலைக் கொசுவம் போல மேலே நெருங்கிக் கீழே விரியும் மடிப்புகள். மடிப்பெல்லாம் வலப்பக்கம் பார்த்தன. எல்லோரும் இடப்பக்கம் பார்க்கத்தான் மடிப்பார்கள். எனக்கு இடக்கைப் பழக்கம், அதனால் மாற்றி விழும். அவளுக்குச் சேலை கட்டத் தெரியாது. கல்யாணம் காட்சி என்றால் என் வீட்டுக்கு வந்து நிற்பாள், நான்தான் கட்டிவிடுவேன்.

நேரே அவளிடம் போய்க் கேட்டேன். "இது என் மடிப்புதானே?"

"ஆமாக்கா! நீங்க கொசுவம் வச்சு விடுறப்ப குனிஞ்சு பாத்துக்கிட்டே இருப்பேன்லா. அதுலதான் ஐடியாவே வந்துச்சு. ஸ்பீச்ல சொல்லப்போறேன்."

ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். இத்தனை வருடம் என் விரலில் இருந்தது எனக்கு ஏன் படமாகத் தெரியவில்லை என்று என்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஆனாலும் ஒரு நப்பாசை. என்னையும் ஓவியர் என்று நாலு பேர் முன்னால் சொல்லுவாள் என்று முன்வரிசையில் போய் நின்றேன்.

சொன்னாள். "எனக்கு எப்பவும் சேலை கட்டிவிடுற அக்கா இவங்கதான். இவங்க இல்லன்னா இந்தப் படமே இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கூட்டம் கலையும்போது முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம்மா. சேலை கட்டிவிட ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். நம்பர் குடுங்களேன்."

"நானும் படம் வரைவேன்," என்றேன்.

"அப்படியா, நல்லதுலா," என்று கைப்பேசியை நீட்டினார். "முகூர்த்தம் விடியக்காலைல. வீட்டு வாசலுக்கே காடி அனுப்பிருவோம், ஏறிச் சீக்கிரம் வந்துருவீங்கதானே?"