முகப்பு கிழிந்த கணக்குப் புத்தகம்

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது கடை அந்த பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர்கள், அவற்றுக்கு நடுவே ஐந்து அழுக்குத் திரைச்சீலைகள். கீபோர்டில் விரல் வைத்தால் ஒட்டும். அங்கே போகும்போதெல்லாம் இரண்டு கைக்குட்டை எடுத்துப் போவேன்.

முப்பத்து மூன்று வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு கணக்குகளைப் படிப்படியாகத் தீர்த்து ஒரு புத்தகம் எழுதினேன். செங்கல்பட்டில் ஐந்நூறு பிரதி அச்சடித்தோம். எண்பத்தேழாவது கணக்கு ஒரு கூம்பின் கன அளவு. விடை 1232. அச்சில் 1223 என்று வந்துவிட்டது. பைண்டிங் கடையிலேயே உட்கார்ந்து, நாளுக்கு நூற்றிருபத்தைந்தாக, நான்கு நாளில் ஐந்நூறையும் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். என் பெயர் போட்ட புத்தகத்தில் தப்பு இருக்கக் கூடாது.

அன்று ஓய்வூதியப் படிவம் எடுக்க சென்டருக்குப் போனேன். மேசையில் ஸ்பைரல் போட்ட கட்டுகள் பதினான்கு இருந்தன. மேலே இருந்ததைப் பிரித்தேன். முதல் கணக்கே என்னுடையது. வரிக்கு வரி என்னுடையது. முகப்பும் முன்னுரையும் மட்டும் இல்லை. எண்பத்தேழைத் தேடினேன். 1223. அடித்துத் திருத்திய தடமே இல்லை. அப்படியானால் ஐந்நூறில் ஒன்று என் கையை ஏமாற்றியிருக்கிறது. பெயர் போய்விட்டது, தப்பு மட்டும் ஊர் சுற்றுகிறது. எச்சில் இலையை எடுத்து மறுபடி விரித்தாற்போல் இருந்தது.

"இது ஏது?" என்றேன் கடைக்காரரிடம்.

"நெட்ல கீது சார். எவனோ ஸ்கேன் பண்ணி ஏத்திக்கிறான். பசங்க கேக்குதுங்க, எறக்கி பிரின்ட் போட்டுத் தரேன்."

"நான் எழுதினது இது."

"நீங்களா? பேரு இல்லியே சார்!"

"அதைத்தான் கிழிச்சுட்டானே! யாரைக் கேட்டு அச்சடிக்கிறீங்க? வெக்கமா இல்ல?"

"இன்னா சார் பேஜார் பண்றீங்க. போன மாசம் உங்களுக்கு நூத்தி நாப்பத்தி மூணு பாட்டு எறக்கி சிடி போட்டுக் குடுத்தனே, அப்ப யாரைக் கேட்டோம்? பாடினவங்க பேரு, மூஜிக் போட்டவங்க பேரு எல்லாம் அதுல இருந்திச்சு. 'இங்கிலீஷ்ல கன்னாபின்னான்னு இருக்கு, அழிச்சுட்டு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடுங்க'ன்னீங்க. ஒரு மத்தியானம் பூரா ஒக்காந்து அழிச்சேன்."

திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

உண்மைதான். வரிசை எண் இருந்தால் எனக்குப் போதும் என்று நினைத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, நின்றபடியே பதினான்கு கட்டிலும் 1223ஐ அடித்து 1232 என்று எழுதினேன்.

"அப்படியே உங்க பேரையும் எழுதிடுங்க சார்" என்றார் அவர். கிண்டலா அனுதாபமா, தெரியவில்லை. நான் எழுதவில்லை. அந்தக் குப்பையில் என் பெயரா?

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் நூற்று நாற்பத்து மூன்று கோடுகள் போட்டேன். மூன்று நாள் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, பாடியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் எழுதப் பார்த்தேன். ஐம்பத்தெட்டுக்குத் தெரிந்தது. மீதி எண்பத்தைந்து வெறும் எண்கள். கேட்கவே பிடிக்காமல் போயிற்று.

நாலாம் நாள் சென்டருக்குப் போய், பழைய பெயர்கள் எங்காவது இருக்குமா என்று கேட்டேன்.

"அழிச்சது அழிச்சதுதான் சார்."

மேசையில் புதிய கட்டுகள் ஒன்பது இருந்தன. ஒன்றை எடுத்து எண்பத்தேழைப் பிரித்தேன். 1223. பேனாவைத் திறந்தேன்.