வீப்கேயின் கையும் ஈரம் அளக்கும் கருவியும்

ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்து மீன் ஆலையில் வீப்கே ஹார்ம்ஸ் இருபத்திரண்டு வருடமாக உப்புத்தண்ணீரில் ஹெர்ரிங் மீன் அறுத்தாள். கை வெடித்துவிட்டது. மேல்தோல் கெட்டுப்போனதென்று டாக்டர் எழுதினால்தான் ஈரமில்லாத, பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றுவார்கள்.

டாக்டர் வந்த காலையில், அதுவரை ஒரு சொட்டு க்ரீம் தராத நிர்வாகம் பாசம் பொங்கி ஆளுக்கொரு டப்பா கொடுத்தது. மேற்பார்வையாளர் டெட்லெஃப் பக்கத்தில் நின்று பூசவைத்தார். யூனியன்காரனான எனக்கே அது ஏன் என்று உறைக்கவில்லை.

கெட்டுப்போன தோலில் ஈரம் நிற்காது என்பதால், டாக்டர் தோலின் ஈரத்தை அளக்கும் கருவியை வீப்கேயின் கையில் வைத்தார்.

"அருமை! ஈரம் நிறைய காட்டுதே."

"நீங்க அளந்தது க்ரீம, டாக்டர். என் தோல இல்ல."

"மிஷின் பொய் சொல்லாதும்மா," என்றார் டெட்லெஃப்.

"அது சொல்லாது. நீ சொல்லுவ."

வீப்கே க்ரீமைக் கழுவி, கையைத் துடைத்தாள். பெட்டி ஒட்டும் டேப்பைக் கிழித்துப் புறங்கையில் அழுத்தி உரித்தாள். டேப் முழுக்க வெள்ளைச் செதில்.

"இது மீன் செதில் இல்ல டாக்டர், என்னோடது. எழுதுங்க."

டாக்டர் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

திங்கட்கிழமை வீப்கே பெட்டிப் பிரிவுக்குப் போனாள். அவளுக்கு முன்னால் அளந்த நாற்பது பேருக்கும் அருமையான தோல் என்று அறிக்கை சொல்கிறது.